இமாலயத் தப்புக் கணக்கு

பொதுக் காரியங்களில் ஈடுபட்டிருப்போரிடம் ஒரு விசித்திரமான வழக்கத்தை நாம் கண்டு வருகிறோம். கூட்டம் ஒன்று கூட்டப்படுகிறது. பத்தாயிரம் பேர் திரளுவார்கள் என்று முன்கூட்டியே துண்டுப் பிரசுரம் வெளியாகிறது. வந்தவர்களைத் தலை எண்ணினால் முந்நூறைத் தாண்டவில்லை. மறுநாள் காரியதரிசி பத்திரிகைகளுக்கு அனுப்பும் அறிக்கையிலோ, கூட்டம் எதிர்பார்த்ததற்கும் மேலாகச் சிறப்புற்றது என்று காணப்படுகிறது. தோல்வியை எவ்வகையாலும் மறைக்க முடியாத இடத்தில் மழையின்மீது பழி விழும். அல்லது போலீஸார்மீது விழும். இரண்டும் இல்லாவிடில் எதிர்க்கட்சிக்காரரின் சூழ்ச்சி என்ற ஒன்று எப்பொழுதும் கைவசம் உண்டு. எங்கள் கணக்குத் தப்பிவிட்டது, ஜனங்களின் மனோநிலையை நாங்கள் சரியாக அறிந்துகொள்ளவில்லை என்று எழுதியனுப்பிய காரியதரிசி ஒருவரை நாம் இன்னும் சந்திக்கவில்லை. அப்படியோர் அறிக்கை வந்து சேருமானால் அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டி வைக்கச் சித்தமாயிருக்கிறோம்.

தோல்வியே வெற்றிக்கு முதற்படி என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். இதை நாம் முழுவதும் ஏற்பதற்கில்லை. தோல்வி தானாகவே கல்வி புகட்டுமாயின், அதிகமாகத் தோற்றவனே உலகில் பெரிய அறிவாளியாக இருத்தல் வேண்டும். அனுபவத்தில் அவ்வாறு காணோம். ஒரே குழியில் பத்து முறை விழுந்து, பதினோராம் முறையும் அதே குழியை நோக்கி உற்சாகத்துடன் நடக்கும் மனிதர்களையும் கட்சிகளையும் நேயர்கள் அறிவார்கள். தவறு செய்தவன் வருந்துவது ஒன்று. அத்தவறிலிருந்து கற்பது வேறொன்று. முன்னதற்கு மனச்சாட்சி போதும். பின்னதற்கு என்ன வேண்டும் என்பதே கேள்வி.

இக்கேள்வியை ஆராய்வதற்கு ஒரு மனிதருடைய வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். தாம் செய்த தவறுகளைத் தாமே தேடி எடுத்து, தேதியும் இடமும் குறித்து, வாரந்தோறும் பத்திரிகையில் வெளியிட்ட தலைவர் ஒருவர் நம் நாட்டில் இருந்தார். 1925-ம் வருஷம் முதல் 'நவஜீவன்' பத்திரிகையில் வெளிவந்த மகாத்மா காந்தியின் சுயசரிதை, வெற்றிகளின் ஜாபிதா அன்று. வரவைக் காட்டிலும் செலவே கவனமாக எழுதப்பட்ட கணக்குப் புஸ்தகம் அது. பூஜைக்குரிய படமாக அவரை வைத்து இங்கே பேசவில்லை. கணக்கு எழுதி வைத்தவர் அவர் ஒருவரே என்பதால் அவரைத் தேர்ந்துகொண்டோம்.

முதலில் ஒரு சிறிய தோல்வி. 1891-ல் பாரிஸ்டர் பட்டத்துடன் தாயகம் திரும்பிய இளைஞர் காந்தி, பம்பாய் ஸ்மால் காஸ் கோர்ட்டில் மாமிபாய் என்ற அம்மாளுக்காக ஒரு வழக்கில் ஆஜரானார். பீஸ் 30 ரூபாய். எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார், தலை சுற்றியது, கோர்ட்டே சுழலுவது போலிருந்தது, கேட்பதற்கு ஒரு கேள்வியும் தோன்றவில்லை. உட்கார்ந்துவிட்டார். வேறு வக்கீலை அமர்த்திக்கொள்ளுமாறு சொல்லிப் பீஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். அதன் பின்னர் தென்னாப்பிரிக்கா செல்லும் வரையில் அவர் கோர்ட்டுப் படி ஏறவில்லை.

சாதாரண உபதேசகர் இவ்விடத்தில் என்ன சொல்வார்? கூச்சத்தை வென்றார், சிங்கம் போல் கர்ஜித்தார் என்று கதையை முடிப்பார். நடந்தது அதுவன்று. காந்திஜி ஒருநாளும் கர்ஜிக்கும் பிரசங்கியாக ஆகவில்லை. கடைசிவரையில் தாழ்ந்த குரலிலேயே பேசினார். 1893-ல் தாதா அப்துல்லா கம்பெனியாரின் வழக்குக்காக அவர் தென்னாப்பிரிக்கா போனபோது, பல்லாயிரம் பவுன் பெறுமான அவ்வழக்கு முழுவதும் வியாபாரக் கணக்கைப் பற்றியதாயிருந்தது. அவருக்கோ கணக்கு எழுதும் முறை தெரியாது. புஸ்தகம் வாங்கிப் படித்தார். இரு தரப்புக் கடிதங்களையும் ரசீதுகளையும் ஒன்றுவிடாமல் வாசித்தார். உண்மை நிகழ்ச்சிகளைச் செம்மையாக அறிந்துகொண்டால் சட்டம் தானே பின்தொடர்ந்து வரும் என்று கண்டார். முடிவில் இரு தரப்பாரையும் மத்தியஸ்தத்துக்கு இணங்கச் செய்தார். பம்பாயில் வாக்கு வன்மையை நம்பி நின்றார், அது இல்லை. பிரிட்டோரியாவில் காகிதக் கட்டுகளை நம்பி நின்றார். குறையை நிவர்த்தித்துக்கொண்டார் என்பதைவிட, அக்குறை குறுக்கே வராத வேலை முறை ஒன்றை அமைத்துக்கொண்டார் என்பதே பொருத்தமாகும். இது சொந்த விஷயத்தில் கற்ற பாடம். நஷ்டமும் 30 ரூபாயோடு நின்றது. ஒரு தேசத்தின் தலைவராகத் தவறும்பொழுது நஷ்டம் அவ்வளவு மலிவாக இருப்பதில்லை.

1919-ம் வருஷம் மார்ச் மாதம். ரௌலட் மசோதா சட்டமாகிவிட்ட செய்தி வந்தபோது காந்திஜி நமது சென்னை நகரில், சேலத்திலிருந்து சமீபத்தில் குடிவந்திருந்த ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியாரின் விருந்தினராகத் தங்கியிருந்தார். அன்றிரவு அரைத்தூக்கத்தில் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. தேசமெங்கும் ஒருநாள் வேலை நிறுத்தி, உபவாசமிருந்து, பிரார்த்தனை செய்வது. விடிந்ததும் அதை ராஜாஜியிடம் சொன்னார். தேதியும் குறிக்கப்பட்டது, முதலில் மார்ச் 30, பின்னர் ஏப்ரல் 6. தேதி மாற்றம் டில்லிக்கு உரிய காலத்தில் எட்டாமையால் அங்கே முன்னதாகவே ஹர்த்தால் நடந்து, துப்பாக்கிப் பிரயோகமும் நிகழ்ந்தது. எச்சரிக்கைக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கலாம்.

ஏப்ரல் 6-ந் தேதி தேசம் எழுந்த காட்சி எல்லோரையும் பிரமிக்கச் செய்தது. எழுப்பியவரையும் சேர்த்தே சொல்லுகிறோம். பஞ்சாபை நோக்கிப் புறப்பட்ட காந்திஜியைப் பல்வல் ஸ்டேஷனில் போலீஸார் இறக்கிப் பம்பாய்க்குத் திருப்பியனுப்பினர். அவர் கைதானார் என்ற செய்தி பரவியதும் அகமதாபாத்தில் ஜனக்கூட்டம் கட்டடங்களுக்குத் தீ வைத்தது, உயிர்கள் போயின. வீரம்காமிலும் அவ்வாறே. நடியாட் அருகே ரயில் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. நடியாட் எந்த ஊர்? அதற்கு முந்திய 1918-ல் கேடா ஜில்லா விவசாயிகள் நிலவரி விஷயமாக நடத்திய சத்தியாக்கிரகத்தின் தலைமை ஸ்தானம் அது. காந்திஜியே தம் கைப்படப் பயிர் செய்த நிலத்தில் களை முளைத்திருந்தது. ஏப்ரல் 13-ந் தேதி அமிருதசரஸில் ஜாலியன்வாலா பாக்கில் ஜெனரல் டையர் நடத்திய கொலையில் மாண்டவர்கள் சர்க்கார் கணக்குப்படியே 379 பேர்.

ஏப்ரல் 18-ந் தேதி காந்திஜி சட்டமறுப்பை நிறுத்தி வைத்தார். பின்னர் நடியாட் சென்று அங்கு நடந்தவற்றை நேரில் கேட்டறிந்தபோதுதான் அந்தப் பிரசித்தமான வார்த்தை அவர் வாயிலிருந்து பிறந்தது. அதைத் தமிழில் 'இமாலயத் தவறு' என்று மொழிபெயர்த்து வழங்குகிறோம். ஆங்கிலத்தில் அவர் சொன்னதன் நேர்ப்பொருள், இமயமலையளவான தப்புக் கணக்கு என்பது. இவ்வேற்றுமை சிறிதன்று. பாவம் செய்துவிட்டேன் என்று மார்பில் அறைந்துகொள்வது எளிது, கேட்போரும் இரங்குவார்கள், அத்துடன் காரியம் முடிந்துவிடும். கணக்குத் தப்பிவிட்டது என்று சொல்பவனோ, எந்த வரியில் தப்பியது என்று காட்டவும் கடமைப்பட்டவனாகிறான். காந்திஜி காட்டினார். சட்டத்தைத் தண்டனைக்குப் பயந்து அன்றி, விரும்பிக் கீழ்ப்படிந்து பழகியவனுக்கே ஒரு சட்டத்தை மறுக்கும் தகுதி வரும். அப்பயிற்சி பெறாத ஜனங்களை அத்தகுதி உடையவர்களாக எண்ணிவிட்டேன். அவர்களுக்கு நடுவே நின்று வழிகாட்டத்தக்க தொண்டர் படையை முன்னதாகத் திரட்டவில்லை. கணக்கில் பிசகிய வரிகள் இவை என்றார்.

இந்த வாக்குமூலத்துக்குக் கிடைத்த பரிசு ஏளனமே. விரோதிகள் சிரித்தார்கள், நண்பர்கள் முகம் சுளித்தார்கள். சர்க்காரின் கொடுமை கண்முன் நிற்க, நம் ஜனங்களின் குற்றத்தைப் பேசுவதா என்று கேட்டவர்கள் பலர். அக்கேள்வியில் நியாயமும் இருந்தது. ராணுவச் சட்டத்தின் கீழ் ஜனங்களைத் தெருவில் ஊர்ந்து போகச் செய்துகொண்டிருந்த சமயத்தில் தண்டவாளம் பெயர்த்ததைப் பற்றி வருந்துவது, சாதாரண அரசியல் நியாயப்படி, எதிரிக்கு ஆயுதம் எடுத்துக் கொடுப்பதாகும். காந்திஜியின் எண்ணம் வேறு. பிறர் குற்றத்தைச் சிறிதாகவும் தன் குற்றத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பெரிதாகவும் பார்த்தால்தான் இரண்டின் சரியான அளவும் தெரியவரும் என்பது அவர் கட்சி.

பாடம் தெரிந்துவிட்டது. அதை நிறைவேற்றினாரா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும். பம்பாயில் தொண்டர் படை திரட்ட முயன்றார். துண்டுப் பிரசுரங்கள் வெளியிட்டார். சேர்ந்தவர்களின் தொகை நாளுக்கு நாள் குறைந்ததே தவிர ஏறவில்லை. இதையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். தப்புக் கணக்கைக் கண்டுபிடித்தவர், அடுத்த கணக்கைச் சரியாகப் போட்டுவிடுவார் என்று நினைப்பதும் ஒரு தப்புக் கணக்குதான்.

1920 ஆகஸ்டு முதல் தேதி ஒத்துழையாமை துவங்கிற்று. ஒரே வருஷத்தில் சுயராஜ்யம் என்ற வாக்குறுதி தேசத்தை மின்சாரம் போல் தாக்கியது. மாணவர்கள் கல்லூரியை விட்டார்கள். வக்கீல்கள் கோர்ட்டை விட்டார்கள். அந்நியத் துணிகள் தெருவில் எரிந்தன. 1921 நவம்பர் 17-ந் தேதி வேல்ஸ் இளவரசர் பம்பாயில் வந்திறங்கிய அன்று, பகிஷ்காரம் செய்தவர்களும் செய்யாதவர்களும் மோதினர். சில நாட்களில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். காந்திஜி உபவாசமிருந்தார், குஜராத்தில் பர்தோலி தாலுகாவில் தொடங்கவிருந்த சட்டமறுப்பை ஒத்திப் போட்டார். 1922 ஜனவரியில் அதே இளவரசர் சென்னைக்கு வந்தபோது இங்கும் கலகம் நடந்தது. ஆயினும் அவரைச் சுற்றியிருந்த உற்சாகம் அவரையும் பற்றிக்கொண்டிருந்தது. பிப்ரவரி முதல் தேதி ராஜப்பிரதிநிதி ரீடிங் பிரபுவுக்குக் கடிதம் எழுதி, ஏழு நாள் தவணை கொடுத்தார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். 1919-ல் கற்ற பாடத்தை அவர் அடியோடு மறந்துவிடவில்லை. தேசம் முழுவதையும் ஒரே நாளில் எழுப்பாமல், ஒரே ஒரு தாலுகாவை, அதுவும் தம் கண்ணெதிரே பழக்கப்பட்ட பர்தோலியைத் தேர்ந்தெடுத்தார். களத்தைச் சுருக்கினால் அபாயமும் சுருங்கும் என்பது கணக்கு. ஆனால் எத்தனையோ நூறு மைல்களுக்கு அப்பால், கோரக்பூர் ஜில்லாவில் சௌரி சௌரா என்ற ஊரில், பிப்ரவரி 4-ந் தேதி தொண்டர்களின் ஊர்வலத்துக்கும் போலீஸாருக்கும் தகராறு முற்றியது. போலீஸார் சுட்டனர், சிலர் விழுந்தனர், தோட்டா தீர்ந்ததும் போலீஸார் தாணாவுக்குள் புகுந்துகொண்டனர். ஜனக்கூட்டம் தாணாவுக்குத் தீ வைத்தது. இருபதுக்கு மேற்பட்ட போலீஸார் மாண்டனர். 'காந்திக்கு ஜே' என்ற கோஷத்துடன் திரண்ட கூட்டம் அது.

பிப்ரவரி 12-ந் தேதி பர்தோலியில் கூடிய காரியக் கமிட்டி சட்டமறுப்பை நிறுத்தியது. காந்திஜி ஐந்து நாள் உபவாசம் பூண்டார். சிறையிலிருந்த தலைவர்கள் கொதித்தெழுந்தனர். பண்டித மோதிலால் நேருவும் லாலா லஜபதி ராயும் கண்டித்துக் கடிதம் எழுதினர். லக்ஷ்மணபுரிச் சிறையிலிருந்த இளைஞர் ஜவாஹர்லாலுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அந்த மாதக் கடைசியில் டில்லியில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டியில் காந்திஜியின்மீதே கண்டனத் தீர்மானம் வந்தது. தோற்றது என்றாலும், வந்தது என்பதே பெரிது. மார்ச் 10-ந் தேதி அவர் கைது செய்யப்பட்டார். 18-ந் தேதி அகமதாபாத்தில் ஜட்ஜ் புரூம்பீல்டு ஆறு வருஷம் தண்டனை விதித்தார். பம்பாய், சென்னை, சௌரி சௌரா மூன்றுக்கும் தாம் பொறுப்பாளி என்று அந்தக் கோர்ட்டில் காந்திஜி ஒப்புக்கொண்டார். நெருப்புடன் விளையாடுகிறோம் என்று தெரிந்தே செய்ததாகவும் சொன்னார்.

ஜவாஹர்லால் அன்று கேட்ட கேள்வி மிகவும் கூர்மையானது. மூலையிலுள்ள ஒரு கிராமத்தில், எவரோ சில குடியானவர்கள் செய்த காரியம் முப்பது கோடி ஜனங்களின் இயக்கத்தை நிறுத்திவிடக்கூடுமாயின், அந்த இயக்கம் எந்தக் காலத்தில்தான் முடிவு பெறும்? எதிரி ஒரு கூலிக்காரனை அமர்த்திக் கல் எறியச் செய்தாலே போதுமே! நமது அபிப்பிராயத்தில், 1922-ல் காந்திஜி தம் தர்மப்படி செய்யத்தக்கதையே செய்தார்; ஆனால் ஜவாஹர்லாலின் கேள்விக்கு அன்று அவரிடம் விடை இல்லை. தேசம் சோர்ந்தது. அடுத்த சில வருஷங்களில் ஹிந்து - முஸ்லிம் கலகங்கள் ஊருக்கு ஊர் தலைதூக்கின.

இன்னொரு நஷ்டத்தையும் சொல்லாமல் விட நமக்கு மனம் வரவில்லை. சௌரி சௌரா வழக்கில் 1923 ஜனவரியில் ஸெஷன்ஸ் கோர்ட் 172 பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. அலகாபாத் ஹைகோர்ட்டில் பண்டித மதன மோகன மாளவியா வாதாடினார். முடிவில் 19 பேர் அந்த வருஷம் ஜூலையில் தூக்கிலிடப்பட்டனர். நூற்றுக்கு மேற்பட்டோருக்கு ஆயுள் தண்டனை. இவர்கள் சுயராஜ்யம் ஒரு வருஷத்தில் வரும் என்று நம்பிய ஏழைக் குடியானவர்கள். கணக்குத் தப்பியது தலைவருக்கு. தலை போனது இவர்களுக்கு. தலைவர்களின் தவறுகளிலிருந்து தலைவர்கள் கற்றுக்கொண்ட பாடங்களைப் பற்றிப் பேசுவோர், பள்ளிக்கூடச் சம்பளத்தை யார் கட்டினார்கள் என்று கேட்பது அபூர்வம். சௌரி சௌராவின் பெயர் நெடுங்காலம் நம் நாவில் ஒரு வசையாகவே வழங்கிற்று. அந்த 19 பேரின் பெயர் எவருக்கும் தெரியாது.

1924 பிப்ரவரியில், ரண சிகிச்சைக்குப் பின், காந்திஜி விடுதலையானார். அடுத்த ஆறு வருஷங்களில் அவர் செய்தவை பலருக்குச் சலிப்பைத் தந்தன. கதர், தீண்டாமை ஒழிப்பு, கிராமம் கிராமமாகச் சுற்றுப்பயணம். அரசியலை விட்டுவிட்டார் என்றே வாலிபர்கள் பேசிக்கொண்டனர். 1919-ல் இல்லாமற் போன தொண்டர் படை இந்த வருஷங்களில்தான் ஓசையின்றி உருவாயிற்று. அதன் முதற் பரீட்சை, நிறுத்தப்பட்ட அதே பர்தோலியில், நிறுத்தப்பட்ட அதே பிப்ரவரி 12-ந் தேதி, 1928-ல் ஆரம்பமானது. நிலவரியை நூற்றுக்கு 22 வீதம் உயர்த்திய சர்க்காரை எதிர்த்து ஸர்தார் படேல் தாலுகாவைப் பல முகாம்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளரை நியமித்து, தினப் பத்திரிகை நடத்தி, ஆறு மாதம் ஜனங்களைக் கட்டுக்குலையாமல் நிறுத்தினார். ஆகஸ்டில் சர்க்கார் இறங்கி வந்தது. விசாரணைக் கமிட்டி அமைந்தது. ஆறு சதவீதத்துக்குச் சற்று மேற்பட்ட உயர்வே நியாயமானது என்று அது கண்டது. அக்கமிட்டியின் அங்கத்தினர் இருவரில் ஒருவர், காந்திஜிக்கு ஆறு வருஷம் விதித்த அதே புரூம்பீல்டு.

இனி 1930. உப்புச் சத்தியாக்கிரகத்தின் கதையை நேயர்கள் நூறு முறை கேட்டிருப்பார்கள். அதைப் பழைய கணக்குப் புஸ்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடியும் பார்க்குமாறு வேண்டுகிறோம். மார்ச் 12-ந் தேதி சபர்மதியிலிருந்து புறப்பட்டபோது உடன் சென்றவர் 78 பேர் மட்டுமே. லக்ஷக் கணக்கானோர் வரச் சித்தமாயிருந்தும் ஆசிரமவாசிகளையே பொறுக்கி எடுத்தார். ஒவ்வொருவரும் தினமும் நூற்க வேண்டும், பிரார்த்தனைக்கு வரவேண்டும், நாட்குறிப்பு எழுத வேண்டும். குஜராத் வித்யா பீடத்து மாணவர்கள் முன்னதாகவே போய் வழியிலுள்ள கிராமங்களின் ஜனத்தொகை, ராட்டைகளின் தொகை, உப்புச் செலவு முதலியவற்றைக் குறித்து வைத்தார்கள். 241 மைல், 24 நாள். தாம் உப்பை எடுக்கும் வரையில் தேசத்தில் வேறெவரும் சட்டத்தை மீற வேண்டாம் என்று கட்டளை. தண்டிக் கடற்கரையில் அவர் குனிந்த நாள் ஏப்ரல் 6. பதினோரு வருஷங்களுக்கு முன் தேசத்தை ஆயத்தமின்றி எழுப்பிய அதே நாள். தாம் கைதானபின் தலைமை ஏற்க வேண்டியவர் அப்பாஸ் தயாப்ஜி, அவருக்குப் பின் சரோஜினி தேவி என்பதும் முன்கூட்டியே ஏற்பாடாயிருந்தது. காந்திஜி கைதானார் என்ற வதந்தியே அகமதாபாத்தைக் கொளுத்திய 1919-க்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

ஜவாஹர்லாலின் பழைய கேள்வி என்னவாயிற்று? அதற்கும் இம்முறை விடை இருந்தது. யாத்திரைக்கு முன்பே காந்திஜி தெளிவாக எழுதினார்: இயக்கத்துக்குள் இருப்போர் அஹிம்சையினின்று வழுவுவதற்கு இடம் தரமாட்டேன்; ஆனால் இயக்கத்துக்கு வெளியே எங்கோ ஹிம்சை வெடித்தது என்பதற்காக, ஒரு சத்தியாக்கிரகி உயிரோடிருக்கும் வரையில், இம்முறை போராட்டத்தை நிறுத்தப் போவதில்லை. ஏப்ரல் 18-ந் தேதி சிட்டகாங்கில் புரட்சி வாலிபர்கள் ஆயுதசாலையைத் தாக்கினார்கள். 23-ந் தேதி பெஷாவரில் ரத்தம் ஓடியது. காந்திஜி ஹிம்சையைக் கண்டித்தார், நிறுத்தவில்லை. மே 5-ந் தேதி நள்ளிரவுக்குப் பின் அவரைப் பிடித்துச் சென்றார்கள். மே 21-ந் தேதி தாராஸனா உப்புக் கிடங்கை நோக்கி ஏறத்தாழ 2,500 தொண்டர்கள் வரிசை வரிசையாக நடந்தார்கள். மண்டையில் தடி விழ விழ, தடுப்பதற்குக்கூட எவரும் கை உயர்த்தவில்லை.

ஆகவே, 1930 என்பது 1919-ன் தவறுக்கு மட்டுமன்று, 1922-ல் அத்தவறுக்குக் கொடுத்த மருந்தின் தவறுக்கும் பரிகாரமாயிற்று. மருந்தும் தப்பாயிருந்திருக்கலாம் என்று ஒப்புக்கொள்வது, நோயை ஒப்புக்கொள்வதைக் காட்டிலும் கடினம். நிறுத்தியதற்காக உலகமே அவரை ஏசியபோது, நிறுத்தியது சரியே என்று அவர் பிடிவாதமாயிருந்தார். அப்பிடிவாதத்தைக் கடைசிவரையில் கைவிடவுமில்லை. ஆனால் மறுபடியும் நிறுத்த நேராதபடி வேலையை வேறு விதமாக அமைத்தார்.

நம் நாட்டிலும் இதன் சாயலைக் கண்டோம். 1919-ல் சென்னையில் அந்தக் கனவைக் கேட்ட ராஜாஜி, 1930 ஏப்ரல் 13-ந் தேதி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குப் புறப்பட்டபோது, முன்வந்தவர்களிலிருந்து பொறுக்கியெடுத்த ஏறத்தாழ நூறு பேரையே அழைத்துச் சென்றார். தொண்டர்களுக்குச் சோறிடுபவருக்கும் இடம் தருபவருக்கும் தண்டனை என்று தஞ்சை ஜில்லாக் கலெக்டர் தண்டோரா போட்டார். ஜனங்கள் கல்லெடுக்கவில்லை; சோற்றுப் பொட்டலங்களை வழியோரத்து மரக்கிளைகளில் கட்டி வைத்துவிட்டு மறைந்துபோனார்கள். தஞ்சை ஜில்லாக் குடியானவனின் புத்தி சூக்ஷ்மத்தை அளப்பதற்கு வேறு அளவுகோல் தேவையில்லை.

இத்துடன் கதையை முடித்தால், தவறினார், கற்றார், வென்றார் என்று அழகாக இருக்கும். உண்மை அவ்வளவு அழகாக முடியவில்லை. 1934-ல் அவர் மறுபடியும் சட்டமறுப்பை நிறுத்தினார். ஆசிரமவாசி ஒருவர் சிறை வேலையில் மனம் செலுத்தவில்லை என்பது அவர் காட்டிய காரணங்களில் ஒன்று. ஜவாஹர்லாலுக்கு அது விளங்கவில்லை. நமக்கும் இன்றுவரை விளங்கவில்லை. 1947-ன் நடுப்பகுதியில், தேசம் விடுதலையை நோக்கி எண்ணிக்கொண்டிருந்த நாட்களில், எழுபத்தேழு வயதில் அவர் புஸ்தகத்தை மீண்டும் திறந்து எல்லாவற்றிலும் பெரிய பிழையைக் குறித்தார். முப்பது வருஷமாக நாம் அனுஷ்டித்தது பலசாலிகளின் அஹிம்சை என்று நினைத்திருந்தேன்; அது ஆயுதமில்லாதவர்களின் சாத்வீக எதிர்ப்பாகவே இருந்திருக்கிறது; உள்ளே இருந்த துவேஷம் அப்படியே இருந்து இன்று வெளிவந்துவிட்டது என்றார். அந்தக் கணக்குச் சரியாயின், 1930-ன் வெற்றியும் அவ்வளவு முழுமையானதன்று. இதைச் சொல்லுமாறு அவரை எவரும் கேட்கவில்லை. அச்சமயத்தில் அவரிடம் கணக்குக் கேட்கும் அவகாசம் எவருக்கும் இல்லை.

அதன் பின் அவர் இயக்கம் எதையும் கூட்டவில்லை. அந்த வருஷத் துவக்கத்தில் நவகாளியில் கலவரத்தால் அழிந்த 47 கிராமங்களைச் செருப்பில்லாத காலுடன் நடந்தே சுற்றியிருந்தார். ஆகஸ்டில் கல்கத்தாவில், பேலியாகட்டாவிலிருந்த ஹைதரி மாளிகையில், அதுவரை தம்மை எதிர்த்து வந்த ஸுஹ்ரவர்தியுடன் ஒரே கூரையின் கீழ் தங்கினார். 15-ந் தேதி தேசம் கொண்டாடியது. அவர் உபவாசமிருந்து நூற்றார். மாதக் கடைசியில் கூட்டம் ஒன்று அந்த வீட்டுக்குள்ளேயே புகுந்து கலகம் செய்தது. செப்டம்பர் முதல் தேதி உண்ணாவிரதம் தொடங்கினார். தொண்டர் படையில்லை, தவணைக் கடிதமில்லை, தேதி குறித்த அறிக்கையில்லை. நான்காம் நாள் கத்தியும் துப்பாக்கியும் வைத்திருந்தவர்கள் அவற்றைக் கொண்டுவந்து அவர் கட்டிலின் அருகே வைத்தார்கள். 7-ந் தேதி அவர் டில்லிக்கு ரயிலேறினார். பஞ்சாபுக்குப் போவது உத்தேசம். பல்வலில் அவரை ரயிலிலிருந்து இறக்கி இருபத்தெட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. இம்முறை தடுக்க எவருமில்லை. டில்லியே பற்றியெரிந்து கொண்டிருந்தபடியால் அங்கேயே தங்கிவிட்டார்.